இறங்க வேண்டிய நாளில் இறங்காத விலை: சென்னைப் பெட்ரோல், 2020 முதல் 2022 வரை

2021 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. சென்னையில் அன்று பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாய் 13 காசு. ஜி.எஸ்.டி. சாலையில் நான் வழக்கமாக நிற்கும் பெட்ரோல் பங்கில் எனக்கு முன்னால் ஒரு மொபெட். பின்னால் காய்கறிக் கூடை கட்டியிருந்த பெரியவர், "நூறுக்குப் போடுப்பா" என்றார். பம்பில் இருந்த பையன், "ஜீரோ பாத்துக்கங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போட்டான். மீட்டர் ஒரு லிட்டரைத் தொடாமலே நின்றது. பெரியவர் அந்த எண்ணையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்று மாலை எல்லோரும் அந்த மூன்று இலக்கத்தைப் பற்றித்தான் பேசினார்கள். ராஜஸ்தானின் ஸ்ரீ கங்காநகரில் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே நூறைத் தாண்டியிருந்தது. வட கோடியில் எங்கேயோ நடப்பதாக அதைப் படித்திருந்தோம். இப்போது நம் தெருவுக்கு வந்துவிட்டது. எனக்கும் கோபம்தான். வீட்டுச் செலவுக்கு நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெட்ரோலுக்கென்று அதில் தனிப் பக்கம் உண்டு. அன்றிரவு அதை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். நான் கோபப்பட வேண்டிய நாள் ஜூலை 2 அல்ல, அதற்கு ஓர் ஆண்டுக்கும் முந்தைய ஒரு மே மாதம் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த மாதத்தில் நோட்டுப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. ஊரடங்கு. வண்டி வீட்டு வாசலில் உறையோடு நின்றது.

இந்த எழுத்து அந்த வெற்றுப் பக்கத்தைப் பற்றியது.

2020 மே: சாலையில் யாரும் இல்லாத வாரம்

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேரச் சந்தை விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது. சேமித்து வைக்க இடமில்லாமல், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று காசு கொடுத்தார்கள். அது அங்கே ஒரே நாள் நடந்த கூத்து. இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய்க்கு அந்த மாதச் சராசரி பீப்பாய்க்கு 20 டாலரை ஒட்டி இருந்தது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். அன்றைய டாலர் மதிப்பில் கணக்குப் போட்டால் கச்சா எண்ணெய் லிட்டர் பத்து ரூபாய்க்கும் கீழே. கடையில் தண்ணீர் பாட்டில் இருபது ரூபாய் விற்ற காலம் அது.

அப்படியானால் பெட்ரோல் விலை சரிந்திருக்க வேண்டும். பெட்ரோல் விலைக்கு அரசுக் கட்டுப்பாடு வேண்டாம் என்று 2010 ஜூனில் முடிவெடுத்தபோதும், 2014 அக்டோபரில் டீசலை விடுவித்தபோதும், 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை என்று மாற்றியபோதும் நமக்குச் சொன்ன நியாயம் ஒன்றுதான்: உலகச் சந்தையில் ஏறினால் இங்கே ஏறும், அங்கே இறங்கினால் இங்கே இறங்கும். முதல் பாதியை மக்கள் எத்தனையோ முறை பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதிக்கு வாய்ப்பு வந்த வாரத்தில் நடந்தது இது.

2020 மார்ச் 14 அன்றே மத்திய அரசு, பெட்ரோல்மேல் தான் போடும் கலால் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் உயர்த்தியிருந்தது. மார்ச் நடுவிலிருந்து எண்ணெய் நிறுவனங்கள் தினசரி விலை மாற்றத்தை நிறுத்தி வைத்தன; 82 நாள் அப்படியே போனது. மே மாதம் முதல் வாரத்தில் தமிழ்நாடு அரசு, விற்பனைமேல் மாநிலம் போடும் மதிப்புக்கூட்டு வரியின் முறையையே மாற்றியது. அதுவரை பெட்ரோலுக்கு 34 சதவீதம் என்று இருந்ததை, 15 சதவீதத்தோடு லிட்டருக்கு நிலையாக 13 ரூபாய் 2 காசு என்று ஆக்கியது. விலை சரியும்போது சதவீத வரியும் சேர்ந்து சரியும். நிலையான தொகை சரியாது. வருவாயைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. சென்னையில் 72 ரூபாய் 28 காசாக இருந்த பெட்ரோல் மே 4 அன்று 75 ரூபாய் 54 காசு ஆனது. அடுத்த நாள் இரவே மத்திய அரசின் அறிவிப்பு வந்தது: பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் கலால் வரி கூடுகிறது.

அந்தப் பத்து ரூபாய் பங்கில் தெரியவே இல்லை. கச்சா எண்ணெய் வீழ்ந்ததால் குறைந்திருக்க வேண்டிய தொகையில் அது கழிந்துபோனது. பங்குப் பலகையில் எண் மாறவில்லை. ஆகவே செய்தியும் சூடு பிடிக்கவில்லை. ஊரே வீட்டுக்குள் அடைந்து, அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று பயந்துகொண்டிருந்த நேரம் வேறு. 2014 ஏப்ரலில் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த மத்திய வரி, அந்த இரவோடு 32 ரூபாய் 98 காசு ஆனது.

ஜூன் 7 அன்று தினசரி விலை மாற்றம் மறுபடி தொடங்கியது. மூன்று வாரம் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஏற்றம். கச்சா எண்ணெய் மீளத் தொடங்கியிருந்ததுதான் காரணம். குறையும்போது வரி உள்ளே நுழைந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏறும்போது அது எழுந்து இடம் விடவில்லை. மாத முடிவில் சென்னையில் விலை 83 ரூபாயைத் தாண்டியது. அதற்கடுத்த ஓராண்டு கச்சா எண்ணெய் மெல்ல மெல்ல ஏற, 2021 ஜூலையில் பெரியவரின் மொபெட்டுக்கு ஒரு லிட்டர் கிடைக்காமல் போனது.

நூறு ரூபாயில் என்ன இருந்தது

பெட்ரோல் விலையைக் கச்சா எண்ணெய் விலையோடு நேராக ஒப்பிடுவது நம் வழக்கம். நடுவில் ஒரு படி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விளக்கம் முழுமையாகாது. மணலி சுத்திகரிப்பு ஆலையில் வடித்த பெட்ரோல் தாம்பரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விலை மணலியில் ஆன செலவிலிருந்து தொடங்குவதில்லை. அதே பெட்ரோலை வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகும் என்ற கணக்குக்கு 80 பங்கு, நாம் ஏற்றுமதி செய்திருந்தால் என்ன கிடைக்கும் என்ற கணக்குக்கு 20 பங்கு என்று எடை கொடுத்து ஒரு விலை கட்டுகிறார்கள். ரங்கராஜன் குழு 2006-இல் பரிந்துரைத்த முறை அது. ஆகவே கச்சா எண்ணெயோடு சேர்த்து உலகச் சந்தையில் பெட்ரோலின் விலை, கப்பல் கூலி, டாலர் மதிப்பு எல்லாம் நம் பங்குப் பலகையில் வந்து உட்காருகின்றன.

2021 ஜூலை நடுவில் டெல்லியில் ஒரு லிட்டர் 101 ரூபாய் 54 காசு. அதில் எண்ணெய் நிறுவனத்துக்குச் சேர்ந்தது ஏறக்குறைய 41 ரூபாய். மத்திய வரி 33-ஐ ஒட்டி, மாநில வரி 23-ஐ ஒட்டி, பெட்ரோல் பங்குக்காரர் கமிஷன் நான்கு ரூபாய்க்குள். தமிழ்நாட்டு வரி விதிப்படி நான் போட்ட கணக்கில் சென்னையின் நூறு ரூபாயில் மாநிலத்தின் பங்கு 24 ரூபாய் அளவில் வருகிறது. அதாவது நாம் கொடுத்த நூறில் 57 ரூபாய் வரி.

இன்னொரு கணக்கும் போட்டேன்; என்னை உலுக்கியது இதுதான். 2013-14-இல் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய்க்குச் சராசரி விலை பீப்பாய் 105 டாலர். அப்போதைய டாலர் மதிப்பில் லிட்டருக்கு நாற்பது ரூபாய். அந்தக் காலத்தில் சென்னையில் பெட்ரோல் எழுபத்துச் சொச்சம். 2021 ஜூலையில் கச்சா எண்ணெய் 73 டாலர், லிட்டருக்கு முப்பத்தைந்து ரூபாய்கூட இல்லை. பெட்ரோலோ நூறைத் தாண்டிவிட்டது. உலகச் சந்தையை மட்டும் குற்றம் சொல்ல இந்த இரண்டு கணக்குகளுக்குப் பிறகு எனக்கு மனம் வரவில்லை.

அரசின் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். ஊரடங்கில் கடைகள் மூடி, சரக்கு-சேவை வரி வரவு விழுந்து, இலவச அரிசிக்கும் தடுப்பூசிக்கும் பணம் தேவைப்பட்டது. பெட்ரோல் வரிப் பணம் இவற்றுக்குத்தான் போகிறது என்று மத்திய அமைச்சர்கள் சொன்னார்கள். பணத் தேவை உண்மை. யாரிடமிருந்து எடுப்பது என்பதில்தான் எனக்கு வருத்தம். 2019 செப்டம்பரில் நிறுவனங்களின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் விட்டுக்கொடுப்பதாக அரசே மதிப்பிட்டது. எட்டு மாதம் கழித்து, லிட்டருக்கு இத்தனை என்று காய்கறி மொபெட்டிடமும் சொகுசுக் காரிடமும் ஒரே அளவில் வசூலிக்கும் வரியைப் பத்து ரூபாய் உயர்த்தியது. வண்டிகள் ஓடாமல் விற்பனை குறைந்த 2020-21-இல் பெட்ரோலியப் பொருள்களின் கலால் வரவு 2.23 லட்சம் கோடியிலிருந்து 3.72 லட்சம் கோடியாகக் கூடியது.

யார் குறைப்பது என்ற வழக்கு

மாநிலம் குறைக்கட்டும் என்று மத்தியிலும், மத்திய அரசு குறைக்கட்டும் என்று மாநிலத்திலும் சொல்லிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. டீக்கடையில் இரு பக்கமும் பேச ஆள் இருந்தது. வரியின் உள்கட்டு தெரியாமல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

2021-இல் மத்திய வரி 32 ரூபாய் 90 காசு. அதில் அடிப்படைக் கலால் வரி என்பது வெறும் 1 ரூபாய் 40 காசு. சிறப்புக் கூடுதல் கலால் 11 ரூபாய், சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் என்னும் மேல்வரி 18 ரூபாய், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு. மாநிலங்களோடு பங்கிட வேண்டியது அடிப்படை வரியை மட்டும்தான். மத்திய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு சொன்ன 41 சதவீதம் அந்த 1 ரூபாய் 40 காசுக்குத்தான். எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். லிட்டருக்கு இரண்டேகால் காசு சொச்சம். 3.72 லட்சம் கோடியில் மாநிலங்களுக்குப் போனது இருபதாயிரம் கோடிக்கும் சற்றுக் குறைவு என்று நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது. 2014-க்குப் பிறகு வரி கூடியதோடு நிற்கவில்லை. பங்கிட வேண்டாத பெட்டிக்குள் அது நகர்த்தப்பட்டும் இருந்தது.

அதற்காக மாநிலத்தை நான் விட்டுவிடவில்லை. மே 2020-இல் முதலில் கை நீட்டியது சென்னைதான். ஆட்சி மாறிய பிறகு 2021 ஆகஸ்ட் 13 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தன் முதல் நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார். மாநிலத்தில் ஓடும் 2.63 கோடி இருசக்கர வாகனங்களைக் காரணமாகச் சொன்னார். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்றார். மறுநாள் சென்னையில் 102 ரூபாய் 49 காசு, 99 ரூபாய் 47 காசாக இறங்கியது. டீசலைத் தொடவில்லை. பணக்காரரின் காரும் ஏழையின் மொபெட்டும் ஒரே பங்கில் நிற்கும்போது இருசக்கர வாகனத்துக்கு உதவப் பெட்ரோலைத் தேர்ந்தெடுத்தது சரியான கணக்கு என்றே நினைக்கிறேன்.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் எண்ணெய்ப் பத்திரங்களை, அதாவது எண்ணெய் நிறுவனங்களுக்குக் காசுக்குப் பதில் அரசு கொடுத்த கடன் பத்திரங்களைச் சுட்டிக்காட்டினார். அவர் வாதம் இது. முந்தைய ஆட்சி விலையைச் செயற்கையாகத் தாழ்த்தி வைக்கப் பத்திரம் கொடுத்துக் கடனை எங்கள் தலையில் வைத்துவிட்டது. ஏழு ஆண்டில் எழுபதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வட்டியே கட்டியிருக்கிறோம். ஆகவே குறைக்க இயலாது என்றார். பத்திரங்கள் உண்மை. அன்றைய விலையை நாளைய தலைமுறையிடம் தள்ளிவிட்டது தவறு என்பதும் உண்மை. ஆனால் ஏழு ஆண்டின் வட்டி எழுபதாயிரம் கோடி. ஒரே ஆண்டின் கலால் வரவு 3.72 லட்சம் கோடி. அந்த விளக்கம் சுமையில் ஒரு சிறு பகுதியைத்தான் விளக்குகிறது.

விலை எப்போது நகரும் என்பதற்கு இன்னொரு நாள்காட்டியும் இருந்தது. தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம், அசாம், புதுச்சேரித் தேர்தல்களின் போது, 2021 பிப்ரவரிக் கடைசியிலிருந்து மே 4 வரை ஒரு காசு ஏறவில்லை. சில தடவை சற்று இறங்கியது. மே 2 வாக்கு எண்ணிக்கை. மே 4 அன்று ஏற்றம் தொடங்கியது. தீபாவளிக்கு முந்தைய நாள், நவம்பர் 3 அன்று, மத்திய அரசு பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 ரூபாய் வரியைக் குறைத்தது. அதன்பின் உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை 137 நாள் அசைவே இல்லை. உக்ரைன் போர் தொடங்கிக் கச்சா எண்ணெய் நூறு டாலருக்கு மேல் போன நாள்களிலும்கூட. தினசரி விலை என்று பெயர்.

எப்படிச் சமாளித்தோம்

என் கணக்கைச் சொல்கிறேன். கூடுவாஞ்சேரியிலிருந்து பல்லாவரம். வழியில் ஒன்றிரண்டு வேலைகளோடு போக வர நாற்பது கிலோமீட்டர். மாதம் இருபத்தைந்து நாள், ஆயிரம் கிலோமீட்டர். என் வண்டி லிட்டருக்கு ஐம்பது தரும். ஆக, இருபது லிட்டர். மே 2020 விலையில் இது 1,511 ரூபாய். ஜூலை 2021-இல் 2,003. ஏப்ரல் 2022-இல் 2,217. மாதம் எழுநூறு ரூபாய் கூடுதல் என்பது என் வீட்டில் பால் கணக்கில் ஏறக்குறைய பாதி.

மின்சார ரயில் ஓடுகிற பாதையில் ஏன் வண்டி என்று கேட்கலாம். தொற்றுக் காலத்தில் புறநகர் ரயிலில் எல்லோரையும் ஏற்றவில்லை. 2021 ஜூன் 25 முதல் பெண்களுக்கு எந்த நேரமும் அனுமதி. அத்தியாவசியப் பணியில் இல்லாத ஆண்களுக்குக் கூட்ட நேரத்தில் இடமில்லை. கிருமிக்குப் பயந்து செய்த ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெட்ரோல் நூறைத் தொட்ட அதே வாரங்களில், வேறு வழியில்லாமல் வண்டியில் போனவர்கள் என்னைப் போல் பலர் இருந்தோம். விலை ஏறினால் மக்கள் குறைவாக ஓட்டுவார்கள் என்று பொருளாதாரப் புத்தகம் சொல்லும். மாற்று வழி இருந்தால் ஓட்டமாட்டார்கள்தான்.

எங்கள் வீட்டில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது பேருந்து. 2021 மே 8 முதல், வெள்ளைப் பலகை மாட்டிய சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெட்ரோல் ஏற்றம் மறுபடி தொடங்கி நான்கு நாள் கழித்து! ஒன்றுக்காக மற்றொன்று திட்டமிடப்பட்டதல்ல. மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்ற அன்று போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று அது. என் மனைவி தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அதுவரை காலையில் நான் இறக்கிவிட்டுப் போவேன். மாலையில் காத்திருந்து கூட்டி வருவேன். ஊரடங்கு தளர்ந்து பேருந்து ஓடத் தொடங்கியதும், "ஏங்க, நீங்க உங்க நேரத்துக்குக் கிளம்புங்க. நான் வெள்ளை போர்டுல போயிக்கறேன்" என்றாள். மாநிலத் திட்டக்குழு பின்னர் நடத்திய ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று வந்தது. எங்கள் வீட்டில் அவ்வளவு இல்லை. காத்திருந்த நேரத்தையும் சுற்றிப்போன பெட்ரோலையும் சேர்த்தால் கிட்டத்தட்ட வரும்.

இதில் ஒரு பழைய தவறும் ஒட்டியிருக்கிறது. 2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் ஒரே அடியாக ஏறியது. அப்போது பேருந்தை விட்டு இறங்கித் தவணையில் வண்டி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே மூன்று வீடு. மூன்று ஆண்டு கழித்துப் பெட்ரோல் விலை அவர்களைப் பிடித்தது. பேருந்தைத் தூரமாக்கிவிட்டுப் பெட்ரோலில் வரி போடுவது ஒரே வீட்டை இரண்டு முறை தட்டுவது.

ஆட்டோக்காரர்களின் நிலைமை எங்களைவிட மோசம். அரசு ஆட்டோக் கட்டணத்தை நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அடுத்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12. பெட்ரோல் நூறைத் தாண்டிய பிறகும் காகிதத்தில் அதே கட்டணம்தான். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார்: "மீட்டர் போடச் சொல்றீங்களே தம்பி, அந்த மீட்டர்ல இருக்கற விலைக்கு எனக்கு யாரு பெட்ரோல் குடுப்பா?" மீட்டர் போடாத ஆட்டோக்காரரைத் திட்டுவதை நான் அன்றோடு நிறுத்தினேன். கட்டணத்தை உரிய காலத்தில் திருத்தாததால் பயணியும் ஓட்டுநரும் தினமும் தெருவில் பேரம் பேசிச் சண்டை போட வேண்டியதாயிற்று.

மாநில எல்லையில் இருப்பவர்களுக்கு வேறு வழி இருந்தது. கடலூரிலும் விழுப்புரத்திலும் உள்ள உறவினர்கள் புதுச்சேரி எல்லைக்குள் போய் டேங்க் நிரப்பிக்கொண்டு வருவார்கள். 2021 நவம்பரில் புதுச்சேரி தன் வரியையும் சேர்த்துக் குறைத்தபோது லிட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஓசூர் பக்கத்து லாரிகள் அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்தில் டீசல் போட்டன. அங்கே ஆறு ரூபாய் குறைவு. லாரிக்கு அது பெரிய பணம். பக்கத்து மாநிலம் குறைத்தால் நம் மாநிலத்துக்கு விற்பனையும் போகிறது, வரியும் போகிறது.

சிக்கனக் குறிப்புகள் அந்த நாள்களில் வாட்ஸ்அப்பில் குவிந்தன. விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், அதிகம் கிடைக்கும் என்று ஒன்று. பங்கின் டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் அப்படியொன்றும் மாறுவதில்லை. நான் செய்து பார்த்துப் பலன் கண்டது மூன்றுதான். வாரம் ஒருமுறை டயரில் காற்று. சிக்னலில் நீண்ட நேரம் நின்றால் எஞ்சினை அணைப்பது. மணிக்கு நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்துக்குள் ஓட்டுவது. பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வேகம் அதுதான். மூன்றும் சேர்ந்து எனக்கு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கூடியது. மாதம் ஒன்றரை லிட்டர் மிச்சம்.

மின்சார வண்டி வாங்கவும் ஆசைப்பட்டேன். 2021 ஜூனில் மத்திய அரசு மானியத்தைக் கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக உயர்த்தியிருந்தது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. நண்பர் ஒருவர் வாங்கிப் பெட்ரோல் செலவை மறந்தே போனார். நான் இருப்பது வாடகைக்கு, மாடியில். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் பாயின்ட் போட வீட்டு உரிமையாளர் யோசித்தார். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் வண்டி தீப்பிடித்துத் தந்தையும் மகளும் உயிரிழந்த செய்தி வந்ததும், அவர் முடியாது என்றே சொல்லிவிட்டார். அவர் பயத்தை என்னால் தவறென்று சொல்ல முடியவில்லை. சொந்த வீடும் தரைத்தளமும் உள்ளவர்கள் பெட்ரோல் விலையிலிருந்து முதலில் தப்பித்தார்கள்.

2022-க்குப் பிறகு

2022 மார்ச் 22 அன்று உறைவு கலைந்தது. பதினாறு நாளில் பதினான்கு ஏற்றம். டெல்லியில் பெரும்பாலும் நாளுக்கு 80 காசு, சென்னையில் 76. அந்த நான்கு காசு வித்தியாசம் எங்கிருந்து என்று பலர் கேட்டார்கள். 2021 ஆகஸ்ட் குறைப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் வரி 13 சதவீதத்தோடு நிலையாக 11 ரூபாய் 52 காசு. டெல்லியில் வரி 19 சதவீதத்துக்கு மேல். அடிப்படை விலை 67 காசு ஏறினால் அங்கே 80 ஆகும், இங்கே 76. சதவீதம் சிறிதாக இருந்தால் ஏறும்போது மெதுவாக ஏறும்; இறங்கும்போதும் மெதுவாகத்தான் இறங்கும். ஏப்ரல் 6 அன்று சென்னையில் 110 ரூபாய் 85 காசு. என் நோட்டில் மிகப் பெரிய எண் அதுதான்.

மே 22 அன்று மத்திய அரசு 8 ரூபாய் குறைத்தது; சென்னை 102 ரூபாய் 63 காசுக்கு வந்தது. 2021 நவம்பரின் 5 ரூபாயும் இந்த 8 ரூபாயும் சேர்ந்து 13 ரூபாய். 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும் ஏற்றியது 3-ம் 10-ம், அதுவும் 13. ஊரடங்கில் எடுத்தது இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. அந்த இரண்டு ஆண்டில் நாம் கட்டிய வரி திரும்பி வரவில்லை.

அதற்குப் பின் எண்ணெய் நிறுவனங்களின் முறை. கச்சா எண்ணெய் 116 டாலரைத் தொட்ட 2022 கோடையில் அவை விலையை ஏற்றாமல் நட்டத்தைத் தாங்கின. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்று பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சேர்த்து நட்டம் 21,000 கோடிக்கு மேல். அதை நான் மதிக்கிறேன். அந்தத் தாங்கல் இல்லாவிட்டால் நம் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று அண்டை நாடான இலங்கையின் வரிசைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கச்சா எண்ணெய் இறங்கிய பிறகும் விலை இறங்கவில்லை. 2023-24-இல் அதே மூன்று நிறுவனங்களின் லாபம் ஏறக்குறைய 81,000 கோடி. நட்டம் நிரம்பி வழிந்த பிறகு, 2024 மார்ச் 15 அன்று, மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்புக்கு ஒரு நாள் முன்னால், இரண்டு ரூபாய் குறைந்தது.

2025 ஏப்ரலில் உலகச் சந்தை மீண்டும் சரிந்தது. கச்சா எண்ணெய் அறுபது டாலர்களுக்கு வந்த வாரத்தில் மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தியது. பெட்ரோல் பங்கில் விற்கும் விலை மாறாது, நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளும் என்று அறிவித்தது. பலகையில் எண் அசையவில்லை. தேநீர்க் கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் இப்போது பெரும்பாலும் ரயிலில்தான் போகிறேன். மாதச் சீசன் டிக்கெட் இரண்டு லிட்டர் பெட்ரோல் காசுக்குள் முடிந்துவிடுகிறது. பெட்ரோல் பக்கத்தில் எழுத அந்த வாரம் எனக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, "இன்று 2 ரூபாய் குறைந்திருக்க வேண்டும்" என்று எழுதி வைத்தேன்.